திரையில் தோன்றும் ஆசான்: உருவமும் உறவும்

ஆய்வுச் சுருக்கம்

கணினிவழிக் கற்றலில் மாணவருக்குத் துணைநின்று ஊக்கமூட்டும் நோக்குடன் அசைவூட்ட மெய்நிகர் ஆசான்கள் உருவாக்கப்படுகின்றன. இவற்றின் பயன் உருவத்தின் கவர்ச்சியால் விளைகிறது என்னும் பரவலான எண்ணத்தை, 1997 முதல் 2013 வரை வெளிவந்த ஆய்வுகள் சிலவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: மெய்நிகர் ஆசான், அசைவூட்டம், கற்றல் ஊக்கம், ஆளுமை விளைவு

முன்னுரை

ஆசிரியரின் முகமும் குரலும் கற்றலில் பங்குகொள்கின்றன என்பது வகுப்பறை அறிந்த உண்மை. அம்முகத்தை வரைந்து திரையில் அசையவிட்டால் அதே பயன் விளையுமா என்னும் வினா 1990களில் வலுப்பெற்றது. இன்று கல்விச் செயலிகள் பலவற்றில் பாடம் விளக்கும், குறிப்புத் தரும், பாராட்டும் உருவம் ஒன்று இடம்பெறுகிறது. மாணவர் அதனை விரும்புகின்றனர் என்பதே அதன் சிறப்பாக எடுத்துரைக்கப்படுகிறது. விரும்புதலும் கற்றலும் ஒன்றுதானா என்பது ஆராயத்தக்கது.

ஆளுமை விளைவு

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் லெஸ்டர் குழுவினர் 'டிசைன்-ஏ-பிளான்ட்' என்னும் கற்றல் மென்பொருளை உருவாக்கினர. குறிப்பிட்ட தட்பவெப்பச் சூழலில் பிழைக்கத்தக்க வேர், தண்டு, இலை ஆகியவற்றைத் தேர்ந்து மாணவர் ஒரு செடியை வடிவமைக்க வேண்டும். ஹெர்மன் என்னும் பூச்சி உருவம் அவர்களுக்கு அறிவுரை கூறும். பேசாத ஹெர்மன் முதல் முழுமையாகப் பேசி நடிக்கும் ஹெர்மன் வரை ஐந்து வகைகளை 100 நடுநிலைப்பள்ளி மாணவரிடம் சோதித்து, 1997இல் அவர்கள் முடிவுகளை வெளியிட்டனர். உருவம் திரையில் இருப்பதே கற்றல் அனுபவம் பற்றிய மாணவரின் எண்ணத்தை உயர்த்துகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. இதற்கு 'ஆளுமை விளைவு' என்று பெயரிட்டனர்.

இம்முடிவில் ஓர் இடைவெளி உண்டு. ஒப்பிடப்பட்ட ஐந்திலும் ஹெர்மன் இருந்தது. உருவமே இல்லாத கட்டுப்பாட்டுக் குழு இடம்பெறவில்லை. எனவே உருவத்தால் கற்றல் கூடியது என்று கூற இச்சோதனை மட்டும் போதாது. 1998இல் ஜெர்மனியில் சூசன் வான் முல்கன், எலிசபெத் ஆந்த்ரே ஆகியோர் உள்ளிட்ட குழு, உருவம் உள்ள விளக்கத்தையும் இல்லாத விளக்கத்தையும் ஒப்பிட்டது. உருவம் இருந்தபோது தொழில்நுட்பப் பாடம் எளிதாகவும் சுவையாகவும் தோன்றியது. புரிதலிலும் நினைவிலும் வேறுபாடு காணப்படவில்லை.

குரலும் அசைவும்

ஹெர்மனைக் கொண்டே ரொக்ஸானா மொரேனோ, ரிச்சர்ட் மேயர் முதலியோர் நிகழ்த்திய சோதனைகள் 2001இல் வெளிவந்தன. ஆசானுடன் கற்றோர், கற்றதைப் புதிய சிக்கலில் பயன்படுத்தும் திறனில் மேம்பட்டிருந்தனர். எனினும் உருவத்தையும் குரலையும் பிரித்துச் சோதித்தபோது பயன் குரலைச் சார்ந்திருந்தது. உருவத்தை நீக்கியதால் இழப்பு ஏற்படவில்லை.

இதற்கு மாறாக, 2012இல் மேயரும் டாப்ராவும் வெளியிட்ட ஆய்வில், மனிதரைப் போல் கையசைத்து, முகபாவம் காட்டிப் பேசிய உருவம் அசையாது நின்ற உருவத்தைவிடக் கூடுதல் பயன் தந்தது. ஆனால் அப்பயன் மனிதக் குரலுடன்தான் கிட்டியது. இயந்திரக் குரலுடன் கிட்டவில்லை. தன்னுடன் ஒருவர் உரையாடுகிறார் என்னும் உணர்வைக் கெடுக்காதபோதே அசைவு பயன்படுகிறது என இதனைப் பொருள்கொள்ளலாம். 2013இல் ஷ்ரோடர் குழுவினர் 43 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது கிடைத்த விளைவளவு 0.19. இது பொருட்படுத்தத்தக்கது, ஆயினும் சிறியது.

கற்பிக்கும் மாணவர்

வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் 'பெட்டீஸ் பிரெய்ன்' மென்பொருள் உறவைத் தலைகீழாக்குகிறது. அதில் திரையிலுள்ள சிறுமி ஆசான் அல்லள், மாணவி. கற்பவர் கருத்து வரைபடம் ஒன்றை அமைத்து அவளுக்குக் கற்பிக்கிறார். அவ்வரைபடத்தைக் கொண்டே அவள் விடையளிக்கிறாள். 2009இல் கேத்தரின் சேஸ் குழுவினர் இம்மென்பொருளைக் கொண்டு நிகழ்த்திய சோதனையில், திரை உருவம் தம் மாணவர் என்று ஒரு பிரிவினருக்கும், அது தம்மையே குறிப்பது என்று மற்றொரு பிரிவினருக்கும் கூறப்பட்டது. தமக்காகக் கற்றவரைவிடப் பிறருக்குக் கற்பிப்பதாக எண்ணியவர் கற்றல் செயல்களில் கூடுதல் நேரம் செலவிட்டனர். கற்றலில் பின்தங்கியவரிடம் இப்பயன் மிகுதியாக இருந்தது. மென்பொருள் ஒன்றே, உறவு மட்டுமே வேறு. ஊக்கத்தின் ஊற்று படத்தில் இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

முடிவுரை

மெய்நிகர் ஆசானின் வெற்றியை மாணவரின் விருப்பத்தைக் கொண்டு மட்டும் அளப்பது பிழையான மதிப்பீட்டிற்கு இட்டுச்செல்லும். எளிதாகத் தோன்றும் பாடம் கற்கப்பட்ட பாடம் ஆகிவிடாது. பின்தங்கிய மாணவர்க்கே இவ்வேறுபாடு பெரிதும் முக்கியமானது. தவறான விடைக்கும் சரியான விடைக்கும் ஒரே புன்னகையைத் தரும் உருவம் அவரது இடர்ப்பாட்டை மறைத்துவிடும். எனவே, உருவத்தை நீக்கினால் எது இழக்கப்படும், மாணவரின் பிழைக்கேற்ப ஆசானின் மறுமொழி மாறுகிறதா, மாணவருக்கு என்ன பொறுப்பு அளிக்கப்படுகிறது என்னும் மூன்று வினாக்களைக் கொண்டு இத்தகைய மென்பொருள்களை மதிப்பிடுவது பொருத்தமாகும். இவற்றுக்கு விடை கிடைத்த பின்னரே உருவத்தின் அழகு பற்றிப் பேசுவதில் பொருளுண்டு.