பின்சக்கரத்தில் ஒரு ‘டொக்’

பள்ளத்தில் வலது பின்சக்கரம் இறங்கி ஏறும்போது ‘டொக்’ என்று ஒரே ஒரு சத்தம். தோளுக்குப் பின்னால், துணிக்கூரை மடிந்து கிடக்கும் இடத்திலிருந்து வருவது போல இருக்கும். மணிக்கு 15 மைலுக்கு மேல் போனால் கேட்காது. எங்கள் தெருவின் ஒட்டுப்போட்ட சாலையில் மட்டும் தவறாமல் கேட்கும். இரண்டு மாதம் அதோடு ஓட்டினேன்.

கார் 1995ஆம் ஆண்டின் மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.8 லிட்டர். 1989இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான முதல் தலைமுறை. எடை ஏறத்தாழ ஒரு டன். நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன். கியர்பாக்ஸையும் பின்பக்க டிஃபரென்ஷியலையும் நீளமான ஓர் உலோகச் சட்டம் இணைக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் தாமதமில்லாமல் கார் பதில் சொல்வதற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம். சாலையின் ஒவ்வொரு கல்லையும் இடுப்பில் உணர வைக்கும் வண்டி இது, அதற்காகத்தான் இதை விரும்புகிறோம். அதே காரணத்தால் எங்கோ ஒரு நட்டு தளர்ந்தாலும் கார் முழுக்கத் தெரிகிறது. ஆனால் எந்த நட்டு என்பது மட்டும் தெரிவதில்லை. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும், எஃகில் ஏறத்தாழ 5,000 மீட்டர். பிறந்த இடத்திலிருந்து இரும்பு வழியே ஓடி, மெல்லிய தகடு எங்கே இருக்கிறதோ அங்கே போய் அது வாய் திறக்கிறது. காது கேட்பது அந்த வாயை.

இந்த வேலைக்காக நான் வாங்கியது பணிமனைகளில் ‘சேஸிஸ் இயர்’ என்று சொல்லும் கருவி. முதலை வாய் போன்ற ஆறு கிளிப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு சிறு மைக், நீளமான ஒயர்கள், கையில் பிடிக்கும் ஒரு பெட்டி, ஹெட்ஃபோன். பெட்டியில் உள்ள திருகியைத் திருப்பினால் ஒன்றிலிருந்து ஆறு வரை ஒவ்வொரு மைக்காகக் கேட்கலாம். ஒயர் இல்லாத வகையும் உண்டு, விலை கூடுதல். நான் வாங்கிய ஒயர் வகை ஒரு நல்ல டயரின் விலைக்கும் குறைவு.

கிளிப் மாட்டுவதற்கு முன் செலவில்லாத சோதனைகளை முடித்துவிட வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பாதி சந்தேகங்கள் இங்கேயே விழுந்துவிடும். முதலில் டிக்கியை முழுக்கக் காலி செய்தேன். மாற்றுச் சக்கரம், ஜாக், ஸ்பேனர் எல்லாம் வெளியே. இந்தக் காரில் பேட்டரியும் டிக்கியின் வலது மூலையில்தான் இருக்கிறது, அதன் பிடிப்பட்டை தளர்ந்தாலும் இதே மாதிரி இடிக்கும். பட்டை இறுக்கமாக இருந்தது. சத்தம் போகவில்லை. பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே பள்ளத்தில் இறக்கினேன். பேட் ஆடுகிறது என்றால் அந்த நேரத்தில் அடங்கும். அடங்கவில்லை. வீல் பேரிங் என்றால் முனகல் வேகத்தோடு ஏறும், இடப்பக்கம் வளைக்கும்போது எடை வலது சக்கரத்தில் சாய்ந்து இன்னும் கூடும். இங்கே முனகலே இல்லை. டிஃபரென்ஷியல் ஊளையிட்டால் ஆக்சிலரேட்டரை விட்டதும் சுருதி மாறும். அதுவும் இல்லை.

அடுத்தது ஆன்ட்டி-ரோல் பார். ஒரு சக்கரம் மட்டும் ஏறினால் அந்தக் கம்பி முறுக்கிக்கொள்ளும். இரண்டும் ஒன்றாக ஏறினால் முறுக்கமே இல்லாமல் சேர்ந்து சுழலும். அதனால் சாலையின் முழு அகலத்துக்கும் போட்ட வேகத்தடையில் நேராக ஏறி இறங்கினேன். அப்போதும் ‘டொக்’. கம்பியும் அதன் லிங்குகளும் சந்தேகப் பட்டியலின் அடிக்குப் போயின.

கைபேசிச் செயலி ஒன்றையும் முயன்றேன், ஒலியை அதிர்வெண்ணாகப் பிரித்து வரைந்து காட்டுவது. முனகலுக்கு அது அருமையான துணை. என் காரின் 185/60 ஆர்14 டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 1.81 மீட்டர் உருளும். மணிக்கு 40 மைலில் சக்கரம் நொடிக்குச் சுமார் 10 சுற்று. டிஃபரென்ஷியல் விகிதம் 4.1 என்பதால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுமார் 40 சுற்று. திரையில் எழும் முகடு 10இலா 40இலா என்று பார்த்தால் சக்கரமா ஷாஃப்ட்டா என்று தெரிந்துவிடும். ஆனால் என் சத்தம் சுழற்சியோடு வருவதல்ல, பள்ளத்தோடு வருவது. செயலியை மூடிவிட்டேன்.

இவ்வளவுக்குப் பிறகு ஷாக் அப்சார்பரின் மேல் ரப்பர்தான் என்று எனக்குத் தோன்றியது. சத்தம் கேட்கும் இடம் அதுதானே. ஜாக்கில் தூக்கி நெம்புகோலால் நெம்பியும் பார்த்தேன், எதுவும் அசையவில்லை. புதிய ரப்பர் வாங்கி வைத்துவிட்டு, கழற்றுவதற்கு முன் ஒரு முறை கேட்டுவிடலாம் என்று கிளிப்புகளை எடுத்தேன்.

முதல் ஞாயிறு வீணானது. ஆறு கிளிப்பையும் வலப்பக்கத்திலேயே மாட்டினேன். ஓட்டியது என் மனைவி, ஹெட்ஃபோன் என் காதில். ஒருவரே ஓட்டிக்கொண்டு கேட்பது வேண்டவே வேண்டாம், ஆபத்து. ஆறிலும் சத்தம் வந்தது. எது கூட, எது குறைவு என்று பிரிக்க முடியவில்லை. அதோடு சரியாகக் கட்டாத ஒயர் ஒன்று தரைத்தகட்டில் அடித்து, இல்லாத சத்தத்தையும் சேர்த்துக் கொடுத்தது.

அந்த வாரம் முழுக்க யோசித்துப் புரிந்துகொண்டது இதுதான். இந்த விலையில் வரும் ஆறு மைக்குகளும் ஒரே அளவு கேட்பவை அல்ல. கிளிப் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்பதைப் பொறுத்தும் ஒலி மாறும். அதனால் ஒரு பக்கத்துக்குள்ளேயே ஒப்பிடுவதில் பயனில்லை. ஆரோக்கியமான பக்கத்தோடு ஒப்பிட வேண்டும். இதைக் கருவியோடு வந்த கையேடு சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாம் ஞாயிறு மூன்று கிளிப் வலப்பக்கம், மூன்று இடப்பக்கம். ஷாக்கின் மேல் முனை, கீழ் முனை, விஷ்போனின் உட்பக்கம் என்று இரண்டு பக்கமும் ஒரே இடங்கள். ஒயர்கள் சைலன்சருக்கும் சுழலும் ஆக்சிலுக்கும் எட்டாதபடி, ஒரு சாணுக்கு ஒரு கட்டு. வலது சக்கரத்தைப் பள்ளத்தில் இறக்கி ஒரு முறை, திரும்பி வரும்போது அதே பள்ளத்தில் இடது சக்கரத்தை இறக்கி ஒரு முறை.

“இப்ப கேக்குதா?”

“கேக்குது. இன்னொரு தடவ போ, இன்னும் மெதுவா.”

வலது மேல் முனையில் மொத்தையான ‘டொக்’. கீழ் முனைக்குத் திருப்பினால் அதே பள்ளத்தில் கூர்மையான ‘டிங்’, இரும்பு இரும்பைத் தொடும் ஒலி. இடப்பக்கத்தில் இரண்டு முனையிலும் ரப்பர் அமுங்கும் ‘பொத்’ மட்டும். மைக்கின் குறையாக இருக்குமோ என்று இடது, வலது கீழ் கிளிப்புகளை இடம் மாற்றி மாட்டி மறுபடி போனோம். ‘டிங்’ வலப்பக்கத்திலேயே இருந்தது.

ஷாக்கைக் கீழ் விஷ்போனோடு பிணைக்கும் போல்ட். ஸ்பேனர் வைத்ததும் அரைச் சுற்று தாராளமாகத் திரும்பியது. சில மாதங்களுக்கு முன் ஸ்பிரிங் மாற்றிய பணிமனையில் அதை முழுக்க முறுக்காமல் விட்டிருக்கிறார்கள். ஜாக்கில் தூக்கினால் சக்கரம் தொங்கி, போல்ட் ஒரே பக்கமாக இழுபட்டு நிற்கும். அதனால்தான் நெம்பியும் அசையவில்லை. அடி கீழே விழுந்தது, ஷாக்கின் தண்டு அதை மேலே தூக்கிப்போய் உடல் தகட்டில் தட்டியது, நான் தோளுக்குப் பின்னால் கேட்டேன். போல்ட்டின் உடம்பில் உராய்ந்த பளபளப்பு தெரிந்ததால் புதிது போட்டேன். துளை நீள்வட்டமாகத் தேயவில்லை, அது பெரிய ஆறுதல். கடைசி முறுக்கைக் காரைச் சக்கரத்தின் மேல் நிற்க வைத்துத்தான் கொடுத்தேன், டார்க் ரெஞ்ச் வைத்து, பணிமனைக் கையேட்டின் அளவுக்கு. தொங்கும் நிலையில் முறுக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் எப்போதும் முறுகியே நின்று சீக்கிரம் கிழியும்.

கருவியின் குறைகள்: 30 மைலுக்கு மேல் காற்றின் இரைச்சல் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. கிளிப்பின் வாய் சிறியது, தடித்த விஷ்போன் விளிம்பைக் கவ்வாது. மெல்லிய தகட்டில் மாட்டினால் கிளிப்பே அதிரும். ஹெட்ஃபோன் மட்டமானது, முதல் நாளே என் சொந்த ஹெட்ஃபோனைச் செருகிக்கொண்டேன். இத்தனை இருந்தும், பழைய காரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர் இதை வாங்கலாம் என்பேன். ஒரு தவறான உதிரிபாகத்தையும் அதை மாற்றும் கூலியையும் தவிர்த்தாலே பணம் திரும்பிவிடும். மழைக்காலத்தில் கழுவித் துடைத்து உலர்த்தி வைக்க வேண்டும், மைக்கில் நீர் இறங்கினால் கரகரக்கிறது.

புதிய போல்ட்டோடு, கிளிப்புகளை அதே இடத்தில் வைத்து, அதே பள்ளத்துக்குப் போனோம். கீழ் முனையில் ‘பொத்’. இடப்பக்கத்தைப் போலவே. மேல் முனைக்குத் திருப்பினேன், அங்கும் அதுவே.

“திரும்பப் போகவா?”

“போ,” என்றேன். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, கூரையை இறக்கி, வெறுங்காதால் கேட்டேன்.