கரையில் நின்றவர்கள்: அப்துர்ரஹ்மான் முனீஃபின் ‘உப்பு நகரங்கள்’

அமெரிக்க-சவூதி உறவு பற்றிய எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ஒரு கப்பல் வந்துவிடும். 1945 பிப்ரவரி 14, சூயஸ் கால்வாயின் பெரும் கசப்பு ஏரி, யுஎஸ்எஸ் குவின்சி. ரூஸ்வெல்ட்டும் மன்னர் இப்னு சவூதும் கப்பல் தளத்தில் உட்கார்ந்து பேசும் புகைப்படம். எல்லாமே அங்கிருந்துதான் ஆரம்பித்தது என்பதுபோல எழுதுவார்கள். ஆனால் கலிஃபோர்னியாவின் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனி ஒப்பந்தம் போட்டது 1933இல். தம்மாம் ஏழாம் எண் கிணற்றில் எண்ணெய் வந்தது 1938இல். அதிபர் வந்து கைகுலுக்கும்போது கம்பெனி அங்கே பன்னிரண்டு வருடமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

முனீஃபின் நாவலிலும் (1984) ஒரு கப்பல் உண்டு. அதில் அதிபர் யாரும் இல்லை. ஹர்ரான் என்ற கற்பனைத் துறைமுகத்துக்கு ஒரு நாள் அமெரிக்கப் பெண்களும் ஆண்களுமாக வந்து சேர்கிறார்கள். பாட்டு, சிரிப்பு, அரைகுறை உடை. கரையில் அரபுத் தொழிலாளிகள் நின்று பார்க்கிறார்கள். பார்க்கிறார்கள், அவ்வளவுதான். ஆசை, வெட்கம், யார் மேல் என்றே தெரியாத ஆத்திரம் எல்லாம் சேர்ந்து அவர்களைத் தூங்கவிடுவதில்லை. ஹர்ரானின் பிறந்தநாளே அதுதான் என்கிற மாதிரி எழுதுகிறார் முனீஃப். குவின்சி கப்பலைப் பற்றி நான் படித்த எதுவும் இந்தப் பக்கங்களுக்குக் கிட்டே வராது.

முதல் தடவை இந்த நாவலைப் பாதியில் மூடிவிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாதி அல்-உயூன் என்ற பாலைவனச் சோலையில் மூன்று வெள்ளைக்காரர்கள் தண்ணீர் தேடி வந்ததாகச் சொல்லிக்கொண்டு நுழைகிறார்கள். மித்இப் அல்-ஹதால் ஒருவர்தான் சந்தேகப்படுகிறார். பிறகு இயந்திரங்கள் மரங்களைப் பிடுங்கி எறிகின்றன. அவர் ஒட்டகத்தில் ஏறிப் போய்விடுகிறார். நாயகன் என்று நினைத்தவர் காணாமல் போனால் நான் யாரைப் பிடித்துக்கொண்டு மீதியைப் படிப்பது? 1988இல் நியூயார்க்கர் இதழில் ஜான் அப்டைக்கின் புகாரும் ஏறக்குறைய இதுதான். எழுதியவர் போதுமான அளவு மேற்கத்தியமயமாகவில்லை, அதனால் இது நாவல் மாதிரியே இல்லை என்றார். 1992இல் அமிதவ் கோஷ் அதற்குக் காட்டமாகவே பதில் எழுதினார்.

எனக்குப் பதில் கிடைத்தது ஒரு வரிக்கணக்கில். 1950இல் லாபத்தில் பாதியைச் சவூதிக்குக் கொடுக்க ஆராம்கோ ஒத்துக்கொண்டது. அந்தப் பணம் ‘வருமான வரி’ என்ற பெயரில் போனது. வெளிநாட்டில் வரி கட்டிவிட்டதால் அமெரிக்காவில் கட்டவேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். அதாவது, மன்னருக்குப் போனது கடைசியில் அமெரிக்கக் கருவூலத்தின் பணம். நேரடி உதவித்தொகை என்றால் காங்கிரஸில் வாக்கெடுப்பு நடந்திருக்கும். இதற்கு அந்தத் தொந்தரவே இல்லை. வெளியுறவுத் துறைக்கு ஒரு கூட்டாளி கிடைத்தார், கம்பெனிக்குக் கைநஷ்டம் இல்லை. ஒரு தேசத்தின் வெளியுறவுக் கொள்கையை இப்படி ஒரு கழித்தல் கணக்குக்குள் ஒளித்துவைக்கலாம் என்றால், அதற்கு நாயகனும் வில்லனும் எங்கிருந்து கிடைப்பார்கள்?

முனீஃபுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாததல்ல. பெல்கிரேடில் எண்ணெய்ப் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். சவூதி குடியுரிமை பறிக்கப்பட்டவர். தெரிந்துகொண்டே அதை வெளியே வைத்திருக்கிறார். கரையில் நிற்பவனுக்கு என்ன தெரியுமோ அதுதான் வாசகனுக்கும்.

இதில் இழப்பும் உண்டு. அமெரிக்கர்கள் கடைசிவரை அட்டைப் பொம்மைகளாகவே வந்துபோகிறார்கள். அமீருக்குத் தொலைநோக்கியும் ரேடியோவும் கிடைத்ததும் வரும் கேலி நீண்டுகொண்டே போகிறது. எனக்கு அலுத்தது. அமீர் வெறும் கோமாளியா, பேரம் தெரிந்தவரா என்ற கேள்வியை நாவல் தொடவே இல்லை. அதற்கு ராபர்ட் விட்டாலிஸின் ‘அமெரிக்காஸ் கிங்டம்’ (2006) படிக்க வேண்டும். தஹ்ரானில் அமெரிக்கர்களுக்குத் தனிக் குடியிருப்பு, அரபுத் தொழிலாளிகளுக்கு ஓலைக் குடிசை, 1953இல் வேலைநிறுத்தம் என்று ஆவணங்களைத் தோண்டி எழுதியவர். ஹர்ரானின் வேலைநிறுத்தம் முனீஃப் வெறும் காற்றிலிருந்து எடுத்ததல்ல என்பது அப்போது புரியும்.

என் அப்பா 90களில் தம்மாம் பக்கம் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் வெல்டராக இருந்தார். என் இன்ஜினியரிங் ஃபீஸ் அந்தப் பணம்தான். கப்பல் அத்தியாயத்தை அவருக்குக் கதையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, “வேலிக்கு அந்தப் பக்கம் புல்லுக்குத் தண்ணி விடுவாங்க. எங்களுக்கு லாரில வரும். நாங்களும் நின்னு பார்ப்போம்” என்றார். பிறகு, “அந்த மித்இப் திரும்பி வர்றாரா?” என்று கேட்டார். வரமாட்டார், ஆனால் வருவார் என்று எல்லோரும் பேசிக்கொண்டே இருப்பார்கள் என்றேன். “அது சரிதான்” என்றார்.

மொத்தம் ஐந்து பாகங்கள். பீட்டர் தெரூ ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தது மூன்று. நான் இரண்டாவதில் இருக்கிறேன். இங்கே அரண்மனை, ஆலோசகர்கள், சூழ்ச்சி. தொழிலாளிகளைக் காணோம். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் மூடவில்லை.