மைத்தூரிகையும் மேனாட்டு ஒளியும்: லி கெரானின் நிலக்காட்சி ஓவியங்கள்

நவீன சீன ஓவியத்தை ஆராய்வோர் பலர் அதனைக் கீழைத்தேய, மேலைத்தேய உத்திகளின் கலப்பு என வருணிப்பதோடு அமைந்துவிடுகின்றனர். கலப்பு நிகழ்ந்தது உண்மையே. அது எந்த வரலாற்றுத் தேவையினால், எவ்வாறு நிகழ்ந்தது என்பதே நாம் எழுப்பவேண்டிய வினாவாகும். லி கெரானின் (1907–1989) ஆக்கங்கள் இவ்வினாவுக்கு விடைகாண உதவுவன.

நிலப்பிரபுத்துவச் சீனத்தில் மைத்தூரிகை நிலக்காட்சி, கற்றறிந்த அதிகாரி வர்க்கத்தினரின் கலையாகவே பெரிதும் வளர்ந்தது. பிற்காலத்தில் அது முன்னோர் வரைந்த மலைகளைப் பார்த்துப் படியெடுக்கும் மரபாக இறுகியது. 1949இன் பின்னர், உழைக்கும் மக்களின் நாட்டில் இக்கலைக்கு இடமுண்டா என்ற ஐயம் எழுந்தமை இயல்பே. சீன ஓவியத்தின் சீர்திருத்தம் பற்றி 1950இல் கட்டுரை எழுதிய லி கெரான், 1954இல் ஜாங் டிங், லுவோ மிங் ஆகியோருடன் யாங்சி ஆற்றின் தென்புலத்துக்குச் சென்று, கண்ட காட்சிகளை அவ்விடத்திலேயே மையால் வரைந்தார். அவ்வையத்துக்கு அவர் அளித்த விடை அதுவே எனலாம்.

அவர் ஹாங்ஜோ கலைக் கல்லூரியில் லின் ஃபெங்மியனின் கீழ் எண்ணெய் வர்ண ஓவியம் பயின்றவர். றெம்பிராண்டின் ஒளியமைப்பில் ஈடுபாடு கொண்டவர். ஆயினும் மலைக்குப் பின்னிருந்து வரும் ஒளியைக் காட்ட, எண்ணெய் வர்ணத்தின் நிழலூட்டும் முறையை அவர் அப்படியே பெயர்த்துவைக்கவில்லை. ஹுவாங் பின்ஹொங்கிடம் கற்ற, மையின்மேல் மையை அடுக்கும் பழைய முறையையே கையாண்டார். மலை கரிய திணிவாக எழுகின்றது. மை தீண்டாத தாள் அருவியாகவும் ஓடையாகவும் ஒளிர்கின்றது. பழைய ஓவியங்களில் மூடுபனியாகவும் வெளியாகவும் நின்ற வெறுந்தாள், இங்கு ஒளியாக மாறுகின்றது. புறத்தேயிருந்து வந்த நோக்கு மரபின் சாதனத்துக்குள் கரைந்து, அம்மரபையே பண்புமாற்றம் பெறச் செய்தது.

கலாசாரப் புரட்சிக் காலத்தில், 1974இல் பீஜிங்கில் நடத்தப்பட்ட ‘கறுப்பு ஓவியங்கள்’ கண்காட்சியில் இவருடைய படங்களும் கண்டனத்துக்கென வைக்கப்பட்டன. மையின் கருமை, நாட்டைப் பற்றிய இருண்ட பார்வையாகக் கொள்ளப்பட்டது. 1960களின் முற்பகுதியில் மாஓவின் கவிதைத் தொடரொன்றைத் தலைப்பாக்கி, சாதிலிங்கச் சிவப்பை அடுக்கடுக்காக இட்டு மலைகளைப் பலமுறை தீட்டியவரும் இவரே.

இக்கண்டனம் மார்க்சியத்தின் பெயரால் செய்யப்பட்டதெனினும் மார்க்சியத்துக்குப் புறம்பானது. வர்ணத்துக்கும் வர்க்கத்துக்குமிடையே நேர்ச்சமன்பாடு காண்பது யாந்திரீகப் பார்வையாகும். லி கெரானின் பிற்காலப் படங்கள் சிலவற்றில் கருந்திணிவே வாய்பாடாகிவிடுகின்றது என்று ஒருவர் குறைகூறின், அதனை ஓவியத்தைக் கொண்டே வாதிக்கலாம். ஒரு நிறத்தைக் குற்றச்சாட்டாக்கிய பின்னர் வாதத்துக்கு இடமில்லை. உத்தியொன்று எவ்வர்க்கத்திடம் பிறந்தது என்பதோடு, எவ்வனுபவத்தை வெளியிடுவதற்காகக் கைமாறியது என்பதையும் ஆராய்தல் முற்போக்கு விமர்சனத்தின் கடமையாகும்.