ராடு காட்டும் ரேகை

பழைய லோடரின் ஹைட்ராலிக் சிலிண்டர் ஒழுகினால் சீல் கிட் வாங்கி மாற்றித் தருபவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. சீல் ஏன் தேய்ந்தது என்று யோசித்த பிறகே ஸ்பேனரைத் தொடுகிறவர் அபூர்வம். நான் ரசிப்பது அவர் கைவேலையை.

கசிவைப் பார்க்குமுன் அவர் ராடின் மினுக்கத்தைப் பார்க்கிறார். குரோம் சுற்றிலும் ஒரே சீராக மின்னினால் சரி. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து மங்கியிருந்தால் பின்னும் புஷ்ஷும் ஆடிப்போய் ராடு சாய்ந்து ஓடுகிறது, அல்லது ராடே வளைந்திருக்கிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலையுயர்ந்த சீல் போட்டாலும் வீண்.

தூக்கி நிறுத்திய பக்கெட் தானாக இறங்கினால், "பிஸ்டன் சீல் போச்சு" என்று சட்டென்று சொல்லிவிடுவது பட்டறை வழக்கம். இருபுறமும் எண்ணெய் போகும் சிலிண்டரில் இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் அவசரம். இரண்டு வாயும் அடைபட்டிருந்தால், பிஸ்டன் சீலே இல்லாவிட்டாலும் ராடு உள்ளே இறங்க இடம் வேண்டுமே! நுழையும் ராடு அடைக்கிற அளவு எண்ணெய் எங்காவது வெளியேறியாக வேண்டும். அது போகிற வழி பெரும்பாலும் தேய்ந்த வால்வு ஸ்பூல். தெரிந்தவர் ராடை முழுக்க நீட்டி, ராடு பக்கக் குழாயைக் கழற்றிவிட்டு, அடிப்பக்கம் அழுத்தம் கொடுப்பார். திறந்த வாயில் எண்ணெய் நிற்காமல் வந்தால் பிஸ்டன் கசிகிறது. அதுவும் அந்த ஓரிடத்துக்கு மட்டுமே சாட்சி. பேரலின் நடுவயிறு தேய்ந்திருந்தால் இதில் பிடிபடாது. பெர்குசன் வகை டிராக்டரின் பின்பக்க லிஃப்ட் வேறு கதை. அங்கே எண்ணெய்க்குத் தூக்கும் வேலை மட்டும்தான், இறக்குவது கலப்பையின் கனம். பிஸ்டன் கசிந்தால் நேரே கீழே வந்துவிடும்.

பிரித்த பிறகு எனக்குப் பிடித்த காட்சி, நாடி பார்ப்பதுபோல் ராடின் மேல் விரல் நகத்தை ஓட்டுவது. நகம் வழுக்கிப்போனால் தடம் வெறும் அழகுக் குறை. நுண் எமரியால் தேய்த்து விடலாம். நகம் மாட்டினால் சீலும் மாட்டும். நீளவாக்கில் ஓடும் கீறல் எண்ணெய்க்கு வாய்க்கால். குரோம் படலமோ பல ராடுகளில் 20, 25 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. அதன் அடியில் துரு புகுந்தால் குழி விழும். ராடை வெளியே நீட்டியபடியே மழையில் நிறுத்திய வண்டிகளில் இது சகஜம். சீல் எட்டாத கடைக்கோடியில் குழி இருந்தால் விட்டுவிடலாம் என்பது என் கட்சி. சீல் ஓடும் இடத்தில் இருந்தால் தேய்த்து மறு குரோம் பூசுவதே முறை; எபாக்சி வைத்து நிரவுவது அறுவடை அவசரத்துக்கு ஆகும்.

பேரல் கண்ணாடிபோல் பளபளத்தால் நம்மவர்கள் மகிழ்ந்துபோகிறார்கள். ஹோனிங் விட்ட குறுக்குக் கோடுகளில்தான் எண்ணெய்ப் படலம் தங்கும். அவை மழுங்கிய பேரல் சீலை வறட்டு உராய்வில் தின்றுவிடும்.

சீல் ஏற்றும்போது உதடு அழுத்தம் வரும் பக்கம் பார்க்க வேண்டும். விறைத்த பாலியூரித்தேன் வளையத்தை வெந்நீரில் போட்டு இளக்கி, மரை விளிம்பில் மெல்லிய தகடு சுற்றி, எண்ணெய் தடவி நழுவவிடுவார். அவசரக்காரர் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி உதட்டிலேயே கீறிவிடுவார். மாட்டியபின் பாரமில்லாமல் மெல்ல ஏற்றி இறக்கி, காற்றை வெளியேற்றிய பிறகே மண் அள்ளுவது. ராடின் மேல் மெல்லிய எண்ணெய் ஈரம் இருக்கலாம், சொட்டக் கூடாது. குழாயில் ஊசித்துளைக் கசிவு தேடுவதென்றால் அட்டையை நீட்டிப் பார்ப்பார், கையை ஒருபோதும் நீட்ட மாட்டார். அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.