கைநழுவிய ஹெரால்டு

பழைய கார் விளம்பரங்களில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கண்ணில் பட்டால் எனக்கு இன்றும் கை பரபரக்கும். 1960-களில் சென்னையில் தயாரான வண்டி. வடிவமைத்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி. பானெட்டைத் திறப்பதே தனி அழகு. இரண்டு மட்கார்டும் ஹெட்லைட்டும் சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் முன்னால் கவிழும். எஞ்சின், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் எல்லாம் கைக்கெட்டும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

ஒரு ஷெட்டில் தூசி படிந்து நின்ற வெளிர்நீல ஹெரால்டை அடிமாட்டு விலைக்குத் தருவதாகச் சொன்னார்கள். சேஸிஸில் துரு என்று யோசித்தேன். அதற்குள் காயலான் கடைக்குப் போய்விட்டது. துருவை வெட்டியெடுத்து வெல்டிங் வைத்திருக்கலாம். ஹெரால்டில் பாடி வேறு, சேஸிஸ் வேறு, போல்ட்டைக் கழற்றினால் பிரிந்துவிடும். அது கட்டாயம் பிழைத்திருக்க வேண்டிய வண்டி.