மக்னீசியம் கலப்புலோக வடிவமைப்பில் இயந்திரக் கற்றல்: ஒரு மதிப்பீடு

மக்னீசியம் கலப்புலோகங்களில் வலிமையையும் முறியாமல் நீளும் தன்மையையும் ஒருசேரக் கூட்டும் கலவைகளை இயந்திரக் கற்றல் மூலம் தேடும் ஆய்வுகள் அண்மை ஆண்டுகளில் பெருகியுள்ளன. இவற்றில் பல, கலவை விகிதத்துக்குக் கொடுக்கும் கவனத்தை உலோகம் பதப்படுத்தப்பட்ட விதத்துக்குக் கொடுப்பதில்லை.

தேடலுக்கான காரணம் வலுவானது. மக்னீசியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.74 கிராம், அலுமினியத்துக்கு 2.70, இரும்புக்கு 7.87. ஆனால் அதன் அறுங்கோணப் படிகத்தில் அணு அடுக்குகள் அறை வெப்பநிலையில் எளிதாக வழுக்குவது அடித்தளத்தில் மட்டுமே. விரும்பிய வடிவுக்கு உருமாற ஐந்து சார்பற்ற வழுக்கு முறைகள் வேண்டும். அடித்தளம் தருவது இரண்டு. தகடாக உருட்டும்போது படிகமணிகளின் அடித்தளங்கள் தகட்டின் பரப்புக்கு இணையாகப் படுத்துவிடுகின்றன. அந்தத் தகட்டைக் குளிர்நிலையில் வளைத்தால் விரிசல் விடும்.

ஆக, நீளும் தன்மை கலவையில் மட்டும் இல்லை. சுமார் 3 விழுக்காடு அலுமினியமும் 1 விழுக்காடு துத்தநாகமும் கொண்ட ஏஇசட்31 வார்க்கப்பட்டால் ஒரு குணம், பிதுக்கப்பட்டால் வேறு குணம். கலவையை மட்டும் பார்க்கும் நிரலுக்கு இரண்டும் ஒன்றே. பிதுக்கிய வெப்பநிலை, வேகம், மணிகளின் அளவு ஆகியவை ஆய்வுக்கட்டுரைகள் பலவற்றில் முழுமையாகக் கிடைப்பதுமில்லை. முறிந்துபோன மாதிரிகளின் முடிவுகள் அச்சேறுவது அதைவிட அரிது. தரவைக் குலுக்கிப் பிரிக்கும் வழக்கமும் கேள்விக்குரியது: ஒரே ஆய்வகத்தின் ஒரே கலப்புலோகம் பயிற்சியிலும் சோதனையிலும் இடம்பெற்றால், நிரல் கணிக்கவில்லை, நினைவுகூர்கிறது. துல்லியம் என்று சொல்லப்படும் எண்ணில் இதுவும் கலந்திருக்கும்.

சென்னை ஐ.ஐ.டி., வடக்கு டெக்சாசு பல்கலைக்கழகம், அமெரிக்க இராணுவ ஆய்வகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் 2020இல் அறிவித்த மக்னீசியம் கலப்புலோகம் இங்கே நினைக்கத்தக்கது. அருமண் தனிமம் சேர்ந்த கலப்புலோகத்தை வெப்பமும் விசையும் கொடுத்துப் பதப்படுத்தியதில் அதன் வலிமையும் நீளும் தன்மையும் கூடின. கலவை விகிதத்தை மட்டும் கொண்ட அட்டவணையில் இந்த முன்னேற்றம் தெரியாது.

கணிப்பே வீண் என்பதல்ல. கர்ட்டின் குழுவினர் 2018இல் சயின்சு இதழில், யிட்ரியம் போன்றவை சிறிதளவு சேர்ந்தாலே நீளும் தன்மை கூடுவது ஏன் என்பதைப் படிகக் குறைகளின் நகர்விலிருந்து விளக்கி, அதைக்கொண்டே பொருத்தமான கலவைகளைக் கணித்தனர். இயந்திரக் கற்றல் தரும் பட்டியலில் அந்த 'ஏன்' இருப்பதில்லை. பட்டியலில் முதலில் வந்ததை உருக்கி, இழுத்துப் பார்த்த ஆய்வுகளும் உள்ளன. அவற்றிலும் சோதனைக்கு வருபவை பெரும்பாலும் ஓரிரு கலவைகளே. மக்னீசியத்தின் பழைய தொல்லையான அரிமானம் இன்னும் பலவற்றில் கணக்கிலேயே இல்லை.