அவபகல் மொழியில் லூக்கா நற்செய்தி

நம் இறையியல் மாணவர் பெரிதும் அறியாத திருமறை மொழிபெயர்ப்பு ஒன்றை இங்கு ஆராய முற்படுகிறோம். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில், நியூகாசில் நகரையடுத்த மக்குவாரி ஏரியைச் சுற்றி வாழ்ந்த ஆதிக்குடிகளின் மொழியில் லூக்கா நற்செய்தி முழுவதும் பெயர்க்கப்பட்டுள்ளது. மொழிபெயர்த்தவர் இலண்டன் மிஷனெரி சங்கத்தால் அனுப்பப்பட்ட லான்சலாட் த்ரெல்கெல்ட். 1891இல், ஜான் பிரேசர் என்பாரின் பதிப்பாக, அவருடைய மொழிநூல்களோடு சேர்ந்து சிட்னி அரசு அச்சகத்தில் அது அச்சேறியது. அப்பொழுது த்ரெல்கெல்ட் மறைந்து 32 ஆண்டுகளும், அவருடைய பணித்தளம் மூடப்பட்டு 50 ஆண்டுகளும் ஆகியிருந்தன. வாசிக்க வேண்டியவர்கள் இனி இல்லை என்று பதிப்பித்தோரே எண்ணிய காலத்தில் ஒரு நற்செய்தி நூல் வெளிவந்தது!

அதனால் இந்நூலை மொழியியலார்க்குரிய அரும்பொருளாகக் கருதிப் பாராட்டுவதோடு நிறுத்திக்கொள்வது எளிதாயிற்று. அப்பாராட்டில் நமக்கு உடன்பாடில்லை. வாசகர் எங்கே போயினர் என்னும் வினாவை விலக்கிவிட்டு இந்நூலைத் திறனாய்வு செய்ய இயலாது.

1788இல் ஆங்கிலேயர் சிட்னியில் குடியேறினர். மறு ஆண்டே பெரியம்மை பரவி, அப்பகுதிக் குடிகளைத் திரளாக வாரிச் சென்றது. 1804 முதல் நியூகாசில் தண்டனைக் கைதிகளின் குடியிருப்பாயிற்று. 1820களில் ஹண்டர் ஆற்றுப் பள்ளத்தாக்கு குடியேறிகளுக்குப் பங்கிடப்பட்டது. வேட்டைக்காடு மேய்ச்சல் நிலமாகி, நீர்நிலைகள் மந்தைகளுக்கு உரியவையாயின. த்ரெல்கெல்ட் 1825இல் அங்கு வந்தபொழுது இந்தப் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. செலவு மிகுதி என்று சங்கம் 1828இல் அவரைக் கைவிட்டது. பின்னர் அரசின் உதவியோடு ஏரியின் மறுகரையில் பணியைத் தொடர்ந்தார்.

இனி மொழிபெயர்ப்புக்கு வருவோம். இதில் த்ரெல்கெல்டுக்கு ஆசிரியராக இருந்தவர் பிராபன் என்னும் அவ்வூர்த் தலைவர். இளமையில் சிட்னிப் படைவீட்டில் ஓர் அதிகாரியிடம் பணியாளாக வளர்ந்து ஆங்கிலம் கற்றவர். மூன்று முறை எழுதி, ஒவ்வொரு முறையும் வாக்கியம் வாக்கியமாக, சொல் சொல்லாக இருவரும் அமர்ந்து ஆய்ந்ததாக த்ரெல்கெல்டே எழுதியுள்ளார். ஆண்டவர் என்பதற்குத் தலைவனைக் குறிக்கும் 'பிரிவுல்' என்ற மண்ணின் சொல் எடுத்தாளப்பட்டுள்ளது. கடவுளுக்கோ 'எலோயி' என்ற எபிரேயச் சொல் இடப்பட்டுள்ளது. கடவுளைக் குறிக்கும் சொல் பற்றிய விவாதம் மொழிபெயர்ப்பாளரை எவ்வளவு அலைக்கழிக்கும் என்பதை நம் வாசகர் அறிவர். எனினும் இத்தேர்வு நமக்கு உறுத்துகிறது. தலைவனுக்குரிய பெயரை அம்மக்களிடம் பெற்றுக்கொண்ட மிஷனெரி, கடவுளுக்குரிய சொல் அவர்களிடம் இருக்கக்கூடும் என்று நம்பவில்லை.

நீதிமன்றமும் அதையே நம்பவில்லை. நியூ சவுத் வேல்ஸில் அக்காலத்தில் ஆதிக்குடியினரின் சாட்சியம் ஏற்கப்படவில்லை. கடவுளையும் மறுமையையும் அறியாதவர் ஆணையிட இயலாது என்பதே காரணம். கிறிஸ்தவச் சமயக் கோட்பாடு ஒன்று இங்கே கொலையாளிகளுக்கு அரணாயிற்று. 1838 ஜூன் மாதம் மையால் ஓடையருகே, பெண்களும் குழந்தைகளுமாக ஏறக்குறைய 28 பேர் வெட்டிக் கொல்லப்பட்டனர். வெள்ளையர் சிலர் துணிந்து சாட்சி கூறியமையால்தான் எழுவர் தூக்கிலிடப்பட்டனர். இத்தகைய சாட்சியரில்லாத கொலைகளுக்குத் தண்டனையே இல்லை. 1876இல்தான் சட்டம் மாறியது. பிராபனும் த்ரெல்கெல்டோடு நீதிமன்றம் சென்று மொழிபெயர்ப்பில் உதவியவர். ஆயினும் ஆணையிட அவருக்கு இடமளிக்கப்படவில்லை. சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை என்னும் லூக்கா 4:18க்குத் தம் மொழியில் சொல் தேடித் தந்தவர், சட்டத்தின் கண்ணில் கடவுளை அறியாதவர்!

த்ரெல்கெல்ட் இந்த அநீதியை வெளிப்படையாகக் கண்டித்தார்; கொலைகளைப் பற்றி ஆளுநருக்கும் சங்கத்துக்கும் எழுதினார்; குடியேறிகளின் பகையைச் சம்பாதித்தார். அவ்வகையில் அவர் போற்றத்தக்கவரே. ஆனால் அவரும் அம்மண்ணில் 1,280 ஏக்கர் பெற்றவர். பின்னாளில் அங்கே நிலக்கரிச் சுரங்கம் நடத்தியவர். 1841இல் பணித்தளத்தை மூடியபொழுது, மக்கள் ஏறக்குறைய அற்றுப்போயினர் என்று அவர் அறிக்கை தந்தார். நோயும் துப்பாக்கியும் பசியும் அம்மக்களைப் பெரிதும் அழித்தது உண்மை. ஆனால் 'அற்றுப்போயினர்' என்ற சொல் கண்ணீரோடு எழுதப்பட்டாலும், நிலத்தைப் பிடித்தவர்களுக்கு உரிமைப் பத்திரமாக உதவியது. இருப்போர் ஒருவருமில்லையெனில் திருப்பித் தர வேண்டியதும் ஒன்றுமில்லையல்லவா? இச்சொல்லை ஆராயாமல் வகுப்பறையில் வழங்குவதை நம் இறையியல் ஆசிரியர்கள் விட்டொழிக்க வேண்டும்.

ஏனெனில் அம்மக்கள் அற்றுப்போகவில்லை. வழித்தோன்றல்கள் நியூகாசில் பகுதியில் இன்றும் வாழ்கின்றனர். பிரேசர் ஆக்கித் தந்த 'அவபகல்' என்ற பெயரையே தமக்குரியதாக்கிக்கொண்டு, த்ரெல்கெல்டின் நூல்களைத் துணைக்கொண்டு, வழக்கொழிந்த தம் மொழியை மீண்டும் கற்று வருகின்றனர். வாசகர் இல்லை என்று கருதி அச்சிடப்பட்ட நூலுக்கு வாசகர் வந்துவிட்டனர். அவர்கள் தேடுவது பெரும்பாலும் மிஷனெரியின் இறையியலை அன்று. அவரருகில் அமர்ந்து சொல் கொடுத்த மூதாதையின் குரலையே.

1891 பதிப்பின் முகப்பேட்டில் நூலாசிரியராக த்ரெல்கெல்டின் பெயரும் பதிப்பாசிரியராகப் பிரேசரின் பெயரும் உள்ளன. பிராபனின் பெயர் இல்லை. 1830இல் ஆளுநர் டார்லிங், மொழியை எழுத்தாக்க உதவியமைக்காகப் பிராபனுக்குப் பித்தளைத் தகடு ஒன்றைப் பொறித்து அணிவித்தார். ஆளுநர் தகட்டில் பொறித்த பெயரை நற்செய்தி நூலின் முகப்பு விட்டுவிட்டது. இந்நூல் மறுபடியும் அச்சேறுமாயின், மொழிபெயர்ப்பாளர் இருவர் என்று முகப்பிலேயே பொறிக்கப்பட வேண்டும் என்பது நம் துணிபு.